கணக்குக்குச் சத்தம் கிடையாது

துணியில் ஈரம் இருக்கிறதா என்று இஸ்திரிக்காரம்மா தொட்டுப் பார்ப்பதில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்தவுடன் எழும் சத்தம் அவருக்குப் போதும். சுரீர் என்று சீறினால் துணி இன்னும் காய வேண்டும். உஸ் என்று அடங்கினால் சரியான பதம். சத்தமே வராவிட்டால் துணி முறுகிவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். வாசற்படியில் ஏறும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருபவர் யார், துணி கொடுக்க வருகிறாரா, வாங்கிப் போக வருகிறாரா என்பதையும் சொல்லிவிடுவார். "அந்தம்மாவுக்குக் கண்ணு ரெண்டும் காதுலதான் இருக்கு" என்பார் எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர்.

காது அப்படிப் பழகியதற்கு அந்த அறையின் அமைப்பும் ஒரு காரணம். கடையும் வீடும் ஒரே அறை. நடுவில் ஒரு திரை. முன்பாதியில் தெருவைப் பார்த்தபடி தேய்க்கும் மேசை. பின்பாதியில் அடுப்பு, கட்டில், மகளின் புத்தகங்கள். மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரு தெரியும், வீடு தெரியாது. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர், வீட்டைக் காதால்தான் நடத்த வேண்டும். பால் பொங்குவதும், குழாயில் தண்ணீர் வருவதும், மகள் படிப்பதும் அவருக்குக் காது வழியாகத்தான் தெரியும்.

ஆகவே அந்த வீட்டில் படிப்பு என்றால் வாய்விட்டுப் படிப்பதுதான். மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்து, முகம் கழுவி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாளானால் அவள் குரல் தெருவுக்குக் கேட்கும். தெரு அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டது. டீக்கடைக்காரருக்கு ஒரு வரலாற்றுப் பாடம் முழுக்கவே மனப்பாடம் ஆகியிருந்தது. டீ ஆற்றிக்கொண்டே ஏதோ ஒரு போரின் காரணங்களை வரிசையாகச் சொல்லி, "பரிட்சை எனக்கு வச்சாலும் பாஸ்தான்" என்பார்.

குரல் சற்று நின்றாலும் மேசையிலிருந்து அதட்டல் போகும். "என்னடி, வாயை மூடிக்கிட்டா படிக்கிறே? மீன் கூட வாயைத் திறந்து மூடும்."

அந்த அதட்டலுக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. இஸ்திரிக்காரம்மாவின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. அது ஒரே நாளில் நின்றதல்ல. அதற்கு முன் பல மாதங்கள் அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டில் சத்தமே இல்லை. ஏன் சத்தமில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் பள்ளியில் பெயர் இல்லை. படிக்கிற பிள்ளை வாய் மூடினால் அவருக்கு அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வரும். தன் மகளிடம் அப்படி ஒரு மௌனம் வரவே கூடாது என்று அவர் காவல் காத்தார். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அரையாண்டுத் தேர்வு முடிவு வந்தது. மொழிப்பாடம், வரலாறு, அறிவியல் எல்லாம் நல்ல மதிப்பெண். கணக்கு பத்தொன்பது.

லாரி ஓட்டும் கணவர் தொலைதூரத்திலிருந்து போனில் பேசினார். அவர் கோபக்காரர் அல்ல, நீட்டி முழக்குபவரும் அல்ல. "வருசக் கடைசியில கணக்குல பாஸ் பண்ணினா மேல படிக்கட்டும். இல்லன்னா அக்கா சொல்றபடி செஞ்சுடலாம்" என்று முடித்துவிட்டார்.

அக்கா என்றது கணவரின் தமக்கையை. கடைத்தெருவில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருப்பவர். நாத்தனார் அன்று மாலையே வந்துவிட்டார்.

"பத்தொன்பதா? அது மார்க்கா, பிள்ளையோட வயசா?"

"வயசு பதினஞ்சுதான் அண்ணி."

"கோவிச்சுக்காத. பிள்ளைக்கு வாய் நல்லா இருக்கு. என் கடையில நின்னான்னா தெருவுல போறவங்களை உள்ள இழுத்துடுவா. வராத கணக்கை வா வான்னா வருமா? எனக்கும்தான் வரல."

"வராமலா மூணு மாடிக் கடை வச்சிருக்கீங்க?"

"கல்லாவுல எங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காருல்ல. நான் பேசுவேன், அவர் எண்ணுவார்." நாத்தனார் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் அவளைக் கெடுக்க வரல. தோத்துப்போய் மூலையில உக்கார வேணாம்னுதான் சொல்றேன்."

அதில் பொய் இல்லை என்பது இஸ்திரிக்காரம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் ஒரே காலரை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தாழ்வாரத்தில் வரிசையாக நின்று ஒவ்வொரு டீச்சரையும் பார்க்க வேண்டும். கணக்கு டீச்சர் முன் இருந்த வரிசைதான் நீளம். டீச்சரின் விரல்களிலும் புடவைத் தலைப்பிலும் சாக்பீஸ் தூள். இஸ்திரிக்காரம்மா முதலில் பார்த்தது அந்தத் தலைப்பைத்தான். மடிப்பு நன்றாக விழுந்திருந்தது. மகள் தலையைக் குனிந்தபடி பக்கத்தில் நின்றாள்.

"வீட்டுல படிக்கிறாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"என் காதால கேக்குறேன் டீச்சர். ஒரு நாள் விட்டதில்ல. எங்க தெருவையே கேட்டுப் பாருங்க."

"கணக்குமா?"

"கணக்குதான் அதிகம். எக்ஸ் ஸ்கொயர்னு ஆரம்பிச்சா மூச்சு விடமாட்டா."

டீச்சர் ஒரு கணம் இருவரையும் பார்த்தார். பிறகு விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி மேசையில் விரித்தார். "இதப் பாருங்கம்மா. ஒரு ஸ்டெப் கூடத் தப்பில்ல. அழகா, புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதியிருக்கா. ஆனா இது நான் கேட்ட கணக்கு இல்ல. புத்தகத்துல இருக்கற கணக்கு. நான் எண்ணை மாத்திக் கேட்டிருந்தேன். அடுத்ததும் இப்படித்தான். அதுக்கடுத்ததும்."

இஸ்திரிக்காரம்மா தாளைப் பார்த்தார். அதில் அவருக்குப் புரிந்தது கொஞ்சம்தான். "அப்படின்னா… ஒரு வீட்டுச் சட்டையை நல்லா தேச்சு மடிச்சு, வேற வீட்டுல கொண்டுபோய்க் குடுத்த மாதிரியா?"

"அதேதான்மா." டீச்சர் மகள் பக்கம் திரும்பினார். "கணக்கை எதுக்கு மனப்பாடம் பண்றே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "சும்மா உக்காந்து யோசிச்சா அம்மா திட்டும்."

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. விடைத்தாளை மெதுவாக மடித்தார்.

"என் மேலயும் தப்பு இருக்கும்மா. கிளாஸ்ல அறுபது பேர். சத்தம் போடாம இருக்கறவங்களை நல்ல பிள்ளைங்கன்னு விட்டுடறோம். இவ இந்த வருசம் ஒரு கேள்வி கேட்டதில்ல. புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். இங்க வாயைத் திறக்கணும், வீட்டுல மூடணும். இவ தலைகீழா பண்ணியிருக்கா. நாம ரெண்டு பேருமாச் சேர்ந்து பண்ண வச்சிருக்கோம்."

திரும்பி வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியபின் அம்மா கேட்டார்: "பேசிக்கிட்டே யோசிக்க முடியாதா?"

"முடியலம்மா. புத்தகத்துல போட்டுக் காட்டின கணக்குல யோசிக்க ஒண்ணுமில்ல. அதனால அத மட்டும் சத்தமா சொல்லிக்கிட்டே இருப்பேன்."

"இத்தன நாளா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டுக்கிட்டே தேய்க்கறப்ப சந்தோஷமா இருந்தே."

இஸ்திரிக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயிலும் கொஞ்சம் இருந்தது.

அன்று மாலை ரேடியோ பாடவில்லை. எதிர்க்கடைக்காரர் டீ டம்ளரோடு தெருவைக் கடந்து வந்தார். "என்னம்மா, ரேடியோ ரிப்பேரா?"

"ஸ்டேஷன் மாத்தியிருக்கோம்" என்றார் இஸ்திரிக்காரம்மா.

சொல்வது எளிது. திரைக்குப் பின்னால் ஒன்றும் கேட்காமல் நின்று வேலை செய்வது அவருக்கு முள்மேல் நிற்பதாக இருந்தது. கை தேய்க்கும், காது பின்னாலேயே நிற்கும். பென்சில் உரசுவது கேட்டால் நிம்மதி. அதுவும் நின்றுவிட்டால் ஏழாம் வகுப்பின் ஜன்னல் கண்முன் வந்துவிடும். அதட்டல் தொண்டைவரை வரும். அதை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தார். வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டார். துணி கேட்டு வந்தவர்களுக்கு வாய் நிறையத் தண்ணீரோடு தலையாட்டினார். "பல்வலியா?" என்று நாலு பேர் விசாரித்துவிட்டார்கள்.

அதுவும் தாங்காமல் ஒரு நாள் மேசையையே திருப்பிப் போட்டார். திரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நின்றார். இப்போது மகள் கண்ணெதிரே. தெரு முதுகுப் பக்கம். "இதென்ன புது வழக்கம்? கடைக்காரி முதுகுகிட்ட துணியைக் குடுத்துட்டுப் போக வேண்டியிருக்கு" என்று ஒரு வாடிக்கைக்காரர் குறைப்பட்டார். செருப்புச் சத்தத்தை வைத்தே இஸ்திரிக்காரம்மா அவருடைய துணிக்கட்டைத் திரும்பாமல் எடுத்து நீட்டியதும், அவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கிப் போனார்.

கஷ்டம் வேறு பக்கமிருந்து வந்தது. மகள் பென்சிலைக் கடித்தால் அம்மாவின் கை நிற்கும். மகள் ரப்பரால் அழித்தால் அம்மா உதட்டைக் கடிப்பார். மூன்றாம் நாள், கையில் பெட்டி இருப்பதையே மறந்து மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். கருகல் வாடை வந்தபோது வெள்ளைச் சட்டையின் கையில் பெட்டியின் வடிவம் பழுப்பாக விழுந்திருந்தது. அந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் துணி கருக்கியதில்லை.

மகள் எழுந்து வந்து சட்டையைப் பார்த்தாள். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ பாத்துக்கிட்டே இருந்தா எனக்குப் பென்சில் நகர மாட்டேங்குது."

"எனக்கும்தான் பெட்டி நகரல" என்றார் அம்மா.

சட்டைக்காரர் வீட்டுக்குத் தானே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். வந்த கையோடு மேசையைப் பழையபடி தெருப்பக்கம் திருப்பினார். திரையை இறக்கினார். பார்க்கவும் கூடாது, கேட்கவும் ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்து யோசிக்கிறது என்று நம்பிக்கொண்டு நிற்க வேண்டும். வாழ்க்கையில் அவர் பழகிய வேலைகளிலேயே இதுதான் கடினமானது. பழகினார்.

கேட்டுப் பழகிய காதுக்கும் ஏதாவது போட வேண்டுமே. முன்பெல்லாம் மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்பார். அதை மாற்றிக்கொண்டார். "இன்னிக்கு டீச்சர்கிட்ட என்ன கேட்டே?"

முதல் வாரம் பதில் வரவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மகள் சிவந்த முகத்தோடு வந்தாள். "கேட்டேன். கிளாஸே சிரிச்சுது."

"டீச்சர் என்ன பண்ணினாங்க?"

"சிரிச்சவங்கள்ல ஒருத்தியை எழுப்பி, நீ சொல்லுன்னாங்க. அவளுக்கும் தெரியல. அப்புறம் முதல்லேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப சிரிச்சவங்களுக்கும் சேர்த்துத்தான் நீ கேட்டிருக்கே. நாளைக்கும் கேளு. வாய் உனக்கு என்ன, சும்மா வாடகைக்கா விட்டிருக்கு?"

அதன்பின் மாலைகளில் மேசையருகே நின்று அன்றைய கேள்வியை மகள் அம்மாவுக்குச் சொல்வது வழக்கமாயிற்று. அம்மாவுக்குக் கணக்கு புரியாது. ஆனால் கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிறதா என்பது குரலில் தெரிந்துவிடும். அதைச் சொல்லிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போவாள். மௌனம் தொடங்கும்.

பொதுத்தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் நாத்தனார் மறுபடி வந்தார். கடைக்குப் புதுச் சரக்கு வந்திருந்ததால் ஆள் தேவைப்பட்டது. "என்ன, வீடு மயானம் மாதிரி இருக்கு?" என்றபடியே திரையை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றார்.

மகள் நோட்டின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பென்சில் கையிலேயே இருந்தது.

"நல்லா இருக்கு, டீக்கடைக்காரர் சொன்ன புது ஸ்டேஷன் இதுதானா?" என்றார் நாத்தனார். "வாய்விட்டுப் படிச்சப்பவாவது முழிச்சுக்கிட்டு இருந்தா. பாவம்னு பாக்காம நான் சொன்னதை அன்னிக்கே கேட்டிருக்கலாம்."

இஸ்திரிக்காரம்மாவின் கண்முன் ஜன்னல், திறந்த புத்தகம், யாரும் கேட்காத மௌனம் எல்லாம் ஒருமுறை வந்து போயின. வாயில் தண்ணீர் இல்லை. அதட்டல் நுனிநாக்கில் இருந்தது. ஆனால் அவர் கையை நீட்டி, மகளின் கன்னத்துக்கடியில் கசங்கியிருந்த தாளை மெல்ல உருவினார். தாள் முழுக்க எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தது. ஒரே கணக்கு. ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட ஒரு வரி கூடுதலாகப் போயிருந்தது.

"எல்லாம் தப்பு தப்பா அடிச்சு வச்சிருக்கா" என்றார் எட்டிப் பார்த்த நாத்தனார்.

"தப்பா விழுந்த மடிப்பு அண்ணி. தண்ணி தெளிச்சு மறுபடி தேச்சாத்தான் போகும். தேய்க்காத துணியில தப்பு மடிப்பே விழாது." இஸ்திரிக்காரம்மா தாளை இருந்த இடத்தில் வைத்தார். "அவ வேலை செஞ்சிருக்கா. தூக்கம் வந்திருக்கு. ரெண்டும் நடக்கறதுதான்."

"ஏன் இப்படித் தூங்கறா?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. இதுவரை யாரும் கேட்காதது. யோசித்துப் பார்த்தால் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. விடிவதற்கு முன் எழுந்து அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கித் துணி வாங்கி வருவது மகளின் வேலை. எட்டாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். சிறுபிள்ளைக் கால் சீக்கிரம் ஏறும் என்று பழக்கிவிட்டது. அதற்கும் படிப்புக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை மகள் எழுந்தபோது துணி மூட்டை வந்துவிட்டிருந்தது. அம்மாவே போய் எடுத்து வந்திருந்தார்; மாடிப்படிகள் அவர் முழங்காலை விசாரித்திருந்தன. "நான்தானே போவேன்?" என்றாள் மகள்.

"பரிட்சை எனக்கா உனக்கா? போய் இன்னும் கொஞ்சம் தூங்கு."

நாத்தனாரும் ஆள் தேடுவதைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதாகச் சொல்லவில்லை, அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்குத் தேர்வன்று மகள் திரும்பி வரும் செருப்புச் சத்தத்தை அம்மா தெருமுனையிலிருந்தே பிடித்துவிட்டார். வேகமும் இல்லை, இழுவையும் இல்லை.

"எப்படி எழுதினே?"

"ஒரு பெரிய கணக்கு வரல. விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?" அம்மாவின் குரல் உடைந்தது. "ஏதாவது எழுதியிருக்கலாமேடி."

"புத்தகத்துல அதே மாதிரி ஒண்ணு இருக்கு. அத அப்படியே எழுதியிருக்கலாம். ஆனா அது வேற வீட்டுச் சட்டைம்மா." மகள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். "மத்ததெல்லாம் எனக்குத் தெரிஞ்சு போட்டேன்."

முடிவு வரும்வரை இஸ்திரிக்காரம்மா அந்த விட்டுப்போன கணக்கைச் சுமந்துகொண்டு திரிந்தார். முடிவு வந்த அன்று மகள் டீக்கடைக்காரரின் போனில் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். ஓடிவரவில்லை. மேசையருகே வந்து நின்று, எண்ணைச் சொன்னாள். ஐம்பத்தேழு.

பள்ளியில் முதலாவதாக வந்தவளின் படம் வாசலில் ஒட்டப்பட்டது. அது வேறு பிள்ளை. ஐம்பத்தேழுக்கு யாரும் படம் ஒட்டுவதில்லை. ஆனால் அந்த ஐம்பத்தேழும் அவளே யோசித்து வாங்கியது என்பது கணக்கு டீச்சருக்குத் தெரியும், தேய்க்கும் மேசைக்குத் தெரியும். இரவல் எண் ஒன்றுகூட அதில் இல்லை. போனில் கணவர் மதிப்பெண்ணைக் கேட்டதும், "பதினொண்ணுக்கு என்னென்ன வாங்கணும்னு கேட்டு வை" என்றார். அந்த மனிதர் சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

பதினோராம் வகுப்பு தொடங்கியபின் ஒரு மாலை, நாத்தனாரின் செருப்புச் சத்தம் படியேறியது. கையில் ஒரு பை.

"யாரும்மா வீட்டுல? சத்தத்தையே காணோம்!"

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மெதுவா, அண்ணி. உள்ள கணக்கு நடக்குது."

நாத்தனார் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார். முக்காலியை இழுக்காமல் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து கடையின் கொள்முதல் காகிதங்கள் சிலவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இஸ்திரிக்காரம்மாவின் காதருகே குனிந்தார்.

"கடைக் கணக்கு ஒண்ணு உதைக்குது. எங்க வீட்டுக்காரர் நேத்திலேர்ந்து தலையைப் பிச்சுக்கறார். அவ முடிச்சதும் ஒரு பார்வை பாக்கச் சொல்றியா?"

"முடிக்கட்டும்" என்றார் இஸ்திரிக்காரம்மா. அடுத்த சட்டையை விரித்தார். பெட்டியை வைத்தார். உஸ் என்று அடங்கியது. திரைக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.